அத்தானின் ஓய்வுக்கால எடைச் சோதனை

என் அத்தான் முப்பத்தாறு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். தாங்க வேண்டிய எடைக்கு மேல் கால் பங்கு மணல் மூட்டை ஏற்றி, மேலும் கீழும் ஓட்டிப் பார்த்த பிறகுதான் எந்த லிஃப்டுக்கும் கையெழுத்துப் போடுவார். ஓவர்லோடு மணி அடித்தால் கடைசியாக ஏறியவர்தான் இறங்க வேண்டும் என்பதைப் பல் டாக்டரிடம் போனாலும் சொல்லாமல் வரமாட்டார்.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது அவருக்குத் தூக்கம் போய்விட்டது. வரப்போகும் பென்ஷன் இரண்டு பேருக்குத் தாங்குமா? வேறு யாராவது வங்கியில் விசாரித்திருப்பார்கள். இவர் ஒரு மாதம் லீவு போட்டு, பென்ஷன் அளவுக்கு மட்டும் பணத்தை உறையில் வைத்து அக்காவிடம் கொடுத்தார். என்னையும் வரச் சொன்னார். பாசம் என்று நம்பித் தொலைத்தேன். வந்து பார்த்தால் சுவரில் ஒரு தாள்: 'சுமை: இருவர். கூடுதல்: மச்சினன்.' இரண்டு பேருக்குக் கால் பங்கு என்றால் அரை ஆள்தானாம். அதனால் எனக்கு அரைச் சாப்பாடு.

அத்தான் வீட்டில் சும்மா இருக்கவில்லை. சமையலறை டப்பாக்களைத் தராசில் எடை போட்டு, கனமானதைக் கீழேயும் லேசானதை மேலேயும் அடுக்கினார். அக்கா உப்புக்கு ஸ்டூல் போட்டு ஏறினாள். குழாயடிக்கு நாலு தடவை நடப்பது வீண் என்று தரையில் சாக்பீஸால் வழி போட்டுக் கொடுத்தார். அக்கா அந்தக் கோட்டின் மேலேயே நடந்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மாதக் கடைசியில் உறையில் பணம் மிச்சம். அத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. சோதனைச் சான்றிதழை எழுதி அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

அக்கா பேனாவைத் தொடவில்லை. "பணம் தாங்குதுங்க. எனக்குத்தான் தாங்கலை. மணி அடிச்சா யாரு இறங்கணும்?"

"கடைசியா ஏறினவங்க" என்று சொல்லிவிட்டு, அத்தான் ஆசையோடு என்னைப் பார்த்தார்.

"அவன் மொத நாள் காலைல பத்து மணிக்கே வந்துட்டான். நீங்க லீவு லெட்டர் குடுத்துட்டு அன்னிக்கு சாயங்காலம்தான் வந்தீங்க."

எனக்கே பாவமாகிவிட்டது. ஆனால் மனிதர் பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுப் பழக்கப்படாதவர். 'பணம்: தேறியது. ஆள்: தேறவில்லை' என்று திருத்தி எழுதி, தானே கையெழுத்துப் போட்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, ஓய்வுக்கு அப்புறமும் அரை நாள் வேலை கிடைக்குமா என்று கேட்க கம்பெனிக்குக் கிளம்பினார்.