சம்சு அக்கா தைத்த கார்

தேக்கா சந்தை மாடியில் சம்சுன்னிசாவின் தையல் கடைக்கும் என் நூல், லேஸ் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். பதினாறு வருஷமாக அவர் பேசுவது எனக்குக் கேட்கும், நான் திட்டுவது அவருக்குக் கேட்கும். சம்சு அக்கா யாரையும் சந்தேகப்பட்டு நான் பார்த்ததில்லை. துணி விஷயத்தில் மட்டும் கறார். ரசீது இல்லாமல் யார் வந்தாலும் உருப்படி கைக்கு வராது. ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கை ஆள் மாறிப் போனதிலிருந்து இந்தச் சட்டம். தைக்கிற ஒவ்வொன்றின் உள்ளேயும் கடைப்பெயரும் போன் நம்பரும் எழுதிய நாடாத்துண்டு ஒன்றை வைத்துத் தைப்பதும் அன்றிலிருந்துதான்.

அவருடைய வாப்பா விட்டுப்போன சொத்து ஒரு பழைய டாட்சன் கார். வயது நாற்பதுக்கு மேல். பழங்கால வண்டி என்பதால் சட்டப்படி வருஷத்தில் சில நாட்கள் மட்டுமே வெளியே எடுக்கலாம் என்ற வகை. வாப்பா மவுத்தானதும் தம்பி முபாரக் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினான். கார் ஒருத்தர் பெயரில்தான் இருக்க முடியுமாம், அக்கா சம்மதக் கையெழுத்துப் போடவேண்டுமாம். கூடப்பிறந்தவனிடம் பங்கு கேட்பது பெண்ணுக்கு அழகில்லை என்று வளர்ந்தவர் அவர். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். உம்மா போன பிறகு அவனுக்குச் சோறூட்டி வளர்த்ததே இவர்தான், அப்புறம் எதைப் படிப்பது?

இந்த வருஷம் பிப்ரவரியில் முபாரக் கடைக்கு வந்தான். கார் ஓடுகிறது, உள்ளேதான் பார்க்கச் சகிக்கவில்லை, ஒர்க்ஷாப்பில் கேட்கிற விலைக்குத் தன்னால் முடியாது என்றான். பிறகு அக்காவை வழக்கம்போல ராத்தா என்றழைத்து ஒரு வாக்குக் கொடுத்தான்.

"ராத்தா, நீ தைச்சுக் குடு. ஆஸ்மா நிக்காஹ்வுக்கு வாப்பா கார்லதான் போவா. நானே ஓட்றேன்லா."

ஆஸ்மா இவருடைய ஒரே மகள். நிக்காஹ் ஜூனில். அக்காவின் வீட்டுக்காரர் யாக்கூப்புக்குச் சாங்கி விமான நிலையத்தில் கார்கோ வேலை, கைக்கும் வாய்க்கும் சரியாக இருக்கும். பெரிய மண்டபமில்லை, பெரிய நகையில்லை. பாட்டனார் காரில் பேத்தி போய் இறங்குவாள் என்ற ஒன்றுதான் சம்சு அக்காவுக்குப் பெருமை. வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார்.

மூன்று மாதம், ஒவ்வொரு ஞாயிறும், பாசிர் ரிஸ்ஸில் தம்பி புளோக்கின் கார்ப்பார்க் மாடியில் வேலை. கார் சீட் தைத்தவர் இல்லை இவர். ஆனால் பழைய உறையைத் தையல் தையலாகப் பிரித்து, அந்தத் துண்டுகளையே அளவாக வைத்து வெட்டினால் சீட்டும் ஒரு ரவிக்கைதான் என்றார். சோபாக் கடையில் மிஞ்சிய கிரீம் நிற ரெக்சினை அடிமாட்டு விலைக்குப் பேசி வாங்கினார். ஈரத்தில் உப்பிப்போன கதவுப் பலகைகளுக்குப் பதில் மெல்லிய பிளைவுட் வெட்டி ரெக்சின் ஒட்டினார். தொங்கிக் கிடந்த கூரைத்துணியை மாற்றத்தான் உயிர் போனது. கம்பிகளைக் கோர்க்க உறைபோல் மடித்துத் தைத்து, அண்ணாந்தபடியே இழுத்து ஒட்டி, ஒரு வாரம் கழுத்தைத் திருப்ப முடியாமல் தைல வாசனையோடு கடையில் உட்கார்ந்திருந்தார். சீட் ஓரங்களுக்கு ஆஸ்மாவின் கல்யாண ரவிக்கையில் மிஞ்சிய பச்சைப் பட்டுத்துணியைக் கயிற்றின்மேல் சுற்றி பைப்பிங் வைத்தார். அந்தக் கயிற்றை நான் கொள்முதல் விலைக்குக் கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அதே பட்டில் காலர் வைத்து, காரோட்டப்போகும் தம்பிக்கு அளவெடுத்து ஒரு ஜிப்பாவும் தைத்து மாட்டிவைத்தார். அதற்கு மட்டும் ரசீது போடவில்லை.

மே மாத நடுவில் ஒரு வாலிபன் வந்தான். பெயர் சரத். கையில் அக்கா கடை நாடாத்துண்டின் படம். சீட்டுக்கு அடியில் பார்த்தானாம். அதே துணியில் ஸ்டியரிங் உறை வேண்டும் என்றான். இது யார் காரில் பார்த்தது என்று அக்கா கேட்டார்.

"என் கார்தான் ஆன்ட்டி. முபாரக்னு ஒருத்தர்கிட்ட வாங்கினேன். ஜனவரியிலேயே அட்வான்ஸ் குடுத்துட்டேன், உள்வேலை முடிச்சுத் தர்றேன்னார். கூலிக்கு ஒரு பொம்பள ஆளை வெச்சுத் தைச்சேன்னு சொன்னார். ரொம்ப நல்லா தைச்சிருக்கீங்க."

ஜனவரி! இவரிடம் ஆஸ்மா பெயரைச் சொல்லிக் கேட்டது பிப்ரவரி. விற்ற காருக்குத்தான் இத்தனை நாள் தைக்க வைத்திருக்கிறான். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்று வாய்க்கு வந்தபடி சொல்வோமே, அதைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து எட்டி என் கண்ணாலேயே பார்த்தேன். அக்கா அழவில்லை. அந்தப் பையனுக்கு அளவு எழுதி, ரசீதும் கிழித்துக் கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னதும் பையன் கூசிப்போய், நிக்காஹ் அன்று தானே காரைக் கொண்டுவருவதாகச் சொன்னான். வாப்பா காரை இரவல் வாங்கி மகளை அனுப்ப மனசு வரவில்லை என்று அக்கா சொல்லிவிட்டார்.

அன்றே தம்பிக்குப் போன் போட்டார். கார் என் பெயரில்தான் இருந்தது, நீதானே கையெழுத்துப் போட்டாய், ஆஸ்மாவுக்கு நல்ல டாக்சியாகப் பிடித்துத் தருகிறேன் என்றானாம். போனை வைத்த பிறகு அக்கா என்னிடம் சொன்னது இதுதான்.

"வித்தது கூட போகட்டும் தாரணி. அந்தப் பையன்கிட்ட என்னைய ராத்தான்னு சொல்ல அவனுக்கு வாய் வரலயே."

நிக்காஹ்வுக்கு முந்தின நாள் முபாரக் சிரித்துக்கொண்டே வந்தான். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்ற தைரியம். ஜிப்பா ஆணியில் தொங்கியது. அதை எடுக்கக் கை நீட்டினான். சம்சு அக்கா மிஷினை நிறுத்தினார். தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து 'டா' போட்டு அழைத்த தம்பியை ஏறிட்டுப் பார்த்தார்.

"ரசீது இருக்கா, சார்?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் காத்திருக்கவில்லை.

"ரசீது இல்லாம நாங்க துணி குடுக்கறதில்ல. நீங்க கொஞ்சம் நகர்ந்துக்குங்க, பின்னாடி கஸ்டமர் நிக்கிறாங்க."

அவனுக்குப் பின்னால் யாருமே இல்லை. நான் போய் நின்றேன்.