பாங்காக்கில் அம்மாவுக்கு வழி சொன்னவள்

பேய், ஆவி, ஆள் இல்லாமல் வரும் குரல் இவற்றில் எனக்கு ஒருபோதும் நம்பிக்கை இருந்ததில்லை. நான் தமிழ் இலக்கியத்தில் முதுகலை படிக்கிறவள். என் பாடத்தில் பேய்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுக்கு உரையாசிரியர்கள் உண்டே தவிர உயிர் கிடையாது, தேர்வில் வந்தால் மதிப்பெண் உண்டு, அதற்கு மேல் எங்களுக்குள் உறவில்லை. ஆகவே நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பாவிட்டால் நான் வருந்தமாட்டேன். உங்கள் இடத்தில் நான் இருந்திருந்தால், சொல்பவள் சரியாகத் தூங்குகிறாளா என்று தனியாக யாரிடமாவது விசாரித்திருப்பேன்.

எங்கள் வீடு ஆரம்பாக்கத்தில். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் என்பதால், எங்கள் கைப்பேசிகளுக்கு மாநிலப் பற்று குறைவு. சமையலறையில் நிற்கும்வரை தமிழ்நாட்டில் இருக்கும். துணி உலர்த்த வாசலுக்கு வந்தால் ஆந்திராவுக்குப் போய்விடும், உடனே வரவேற்புக் குறுஞ்செய்தியும் வந்து விழும். முன்பெல்லாம் அந்தப் பக்கத்து டவர் பிடித்தால் ரோமிங் என்று சொல்லிக் காசைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டணம் ஒழிந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அது கற்பித்த பழக்கம் ஒழியவில்லை. 'வெல்கம்' என்று திரையில் தெரிந்தால் எங்கள் ஊரார் பேச்சை நிறுத்திவிட்டு முதலில் ரோமிங்கை அணைப்பார்கள். ஒரு கல்யாணப் பந்தியில் வரிசையாக அத்தனை பேரும் வலக்கையால் சாப்பிட்டுக்கொண்டே இடக்கையால் போனைத் தடவியதை நானே பார்த்திருக்கிறேன்.

என் அக்கா மீனா திருமணமாகி வியட்நாமில் இருக்கிறாள். அவள் கணவர், எங்கள் மாமா, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு கேபிள் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த நிறுவனமே அவரை ஹனோய் பக்கத்திலுள்ள தன் கிளைக்கு அனுப்பியிருந்தது. அக்காவுக்கு அது தலைப்பிரசவம். நாள் நெருங்குவதற்கு முன்பே இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, உடனே அறுவை செய்து குழந்தையை எடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அக்காவோ, அம்மா வந்து சேராமல் அறுவை அரங்குக்குள் போகமாட்டேன் என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாள் மாலை வரைதான் பொறுக்கமுடியும், அதற்குமேல் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்றார்களாம். மாமா தொலைபேசியில் அழுதார். அவர் அழுது நான் கேட்டது அதுதான் முதல் முறை.

அம்மா தொழிற்பேட்டையில் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவள். விமானத்தை வேலைக்குப் போகும் வழியில் அண்ணாந்து பார்த்ததோடு சரி. பிரசவம் பார்க்கப் போவதற்கென்று அவளுக்குப் பாஸ்போர்ட்டும் விசாவும் முன்பே எடுத்து வைத்திருந்தோம். நைனாவுக்கு, அதாவது எங்கள் அப்பாவுக்கு, பாஸ்போர்ட் கிடையாது. எனக்கோ மறுநாள் பருவத்தேர்வு. நேராகப் போகும் விமானத்தில் இடமில்லாததால் பாங்காக்கில் இறங்கி மாறும்படி டிக்கெட் போட்டோம். அந்த மாற்று விமானத்தைத் தவறவிட்டால் அடுத்ததற்கு அதற்கும் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அந்த மறுநாள் அக்காவிடம் இல்லை.

அதனால் அம்மாவின் கைப்பேசியை நானே தயார் செய்தேன். வெளிநாட்டில் இணையம் மட்டும் தரும் பயண இ-சிம் ஒன்றை அதில் ஏற்றினேன். அதற்கு அழைப்பு வசதி கிடையாது, வாட்ஸ்அப்பில்தான் பேசவேண்டும். ரோமிங் இயக்கத்தில் இருந்தால்தான் அந்த இ-சிம் வேலை செய்யும். அணைத்தால் கைப்பேசி வெறும் கண்ணாடித் துண்டு.

"அம்மா, எறங்குனதும் தானா நெட் புடிச்சிக்கும். நீ எதையும் தொடாத."

"தொட மாட்டன்டி."

"ரோமிங் ஆன்லயே இருக்கணும். அணைக்கக் கூடாது."

"இன்னாடி சும்மா நச்சு நச்சுன்னு? பேக்கிங்ல அம்மாம்பெரிய மிஷினு ஓட்றவ நான். இந்தத் துக்குனூண்டு போனை ஓட்ட மாட்டனா?"

நைனா குறுக்கே வந்தார். "விடு கயலு. உங்கம்மா சூலூர்பேட்டை சந்தைக்கே ஒருத்தரையும் வழி கேக்காம போனவ."

"போனனே, வந்தனா இல்லியா?"

"வந்த. எங்க வந்த? தடாவுக்கு வந்த. நான்தானே வண்டி எடுத்துக்கினு வந்து கூப்ட்டுக்கினேன்."

அன்றிரவு அம்மாவை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நைனா நேராகத் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் போனார். காலையில் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு ரயிலேறிக் கல்லூரிக்குப் போனேன். தேர்வுக்கூடத்துக்கு வெளியே, பைகளைக் குவிக்கும் மேசையில், கைப்பேசியை முற்றாக அணைத்துப் பைக்குள் போட்டேன். இந்த ஒரு செய்தியை மட்டும் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அமைதிநிலையில் போடவில்லை. அணைத்தேன்.

எழுதி முடித்து வெளியே வந்து இயக்கினால், அம்மாவிடமிருந்து ஒன்றுமில்லை. 'இறங்கியதும் கூப்பிடு' என்று விடிகாலையில் நான் அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு அப்படியே நின்றது. அழைத்தேன், போகவில்லை. மாமாவை அழைத்தேன்.

"அத்தைக்கு லைனே கெடைக்கல கயல். பாங்காக்ல ஃப்ளைட் கேட்டையே மாத்திட்டாங்கன்னு ஆப்ல காட்டுது. அது அடுத்த கட்டடமாம், ரயில்ல ஏறிப் போவணுமாம். இவ இன்னும் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன்றா. நான் இன்னா பண்றது சொல்லு."

நைனாவை அழைத்தேன். தொழிற்சாலைச் சத்தத்துக்கு நடுவே அவர் கத்தினார்: "அப்பவே சொன்னேன், யாராவது தெலுங்குக்காரங்க போறாங்களா பாத்துக் கூட அனுப்பலாம்னு!"

"பாங்காக்ல தெலுங்கு எதுக்கு நைனா?"

"தமிழு இல்லாத எடத்துலகூட தெலுங்கு இருக்கும் கயலு, உனக்குத் தெரியாது!" என்றவர் போனை வைத்துவிட்டார்.

சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்தபோது நான் செய்ததை வேறு யாரிடமும் சொன்னதில்லை. நம்பிக்கையில்லாத நான், ஒன்றன்பின் ஒன்றாக எல்லாக் கடவுள்களையும் கூப்பிட்டேன். அவர்களுக்கும் ஒற்றை டிக்தான் விழுந்ததுபோல் இருந்தது.

வண்டி பொன்னேரியைத் தாண்டியபோது மாமாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அம்மா.

"வந்து சேர்ந்துட்டன்டி! பெரியவள உள்ள இட்டுக்கினு போய்ட்டாங்க. மூஞ்சியப் பாத்ததும் கையெழுத்துப் போட்டுட்டா கழுத. நீ மட்டும் இல்லன்னா இன்னிக்கு நான் பேஜாராப் போயிருப்பேன்."

"நான் இன்னாம்மா பண்ணேன்?"

"இன்னா பண்ணியா? அம்மாந்நேரம் போன்ல கூடவே வந்தியே! அந்த ஊர்க்காரி இங்கிலீஷுல இன்னாமோ சொல்றா, நான் திருதிருன்னு முழிச்சிக்கினு நிக்கிறேன், டக்குனு உன் போனு. 'அம்மா, கேட்டு மாறிப்போச்சி, பதறாத, எதுர்ல கண்ணாடிக் கதவு இருக்குது பாரு, அதுக்கப்பால ரயிலு நிக்கும், ஏறிக்கோ'ன்ன. ஏறிக்கினேன்."

நான் தேர்வுக்கூடத்தில் இருந்தேன் என்றேன். அம்மா சிரித்தாள். பக்கத்திலிருந்த மாமாவிடம், சின்னவளுக்கு எப்போதும் அடக்கம் அதிகம் என்று சொன்னதும் கேட்டது. பிறகு குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, இருவரும் நலம் என்ற செய்தி வந்தது. அந்த மகிழ்ச்சியில் இந்தப் பேச்சை அன்று யாரும் தொடரவில்லை.

மறுநாள் மாமா அம்மாவின் கைப்பேசியை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக அழைத்தார். ரோமிங் அணைந்திருந்தது. இ-சிம் செயலியில் பயன்படுத்திய இணையம் என்ற இடத்தில் பூஜ்யம் இருந்தது. அந்த நாளின் அழைப்புப் பட்டியலில் என் பெயரே இல்லை. விமான நிலையத்து வைஃபையா என்றால், அதில் சேரப் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் கொடுத்துப் பதியவேண்டும்; அம்மா அப்படி எதையும் செய்யவில்லை.

அம்மாவிடம் கேட்டோம். அவள் பெருமையாகவே சொன்னாள்: "பாங்காக்ல எறங்குனதும் வெல்கம்னு வந்துச்சி. ஒடனே அணைச்சிட்டேன்."

"அணைக்காதன்னு சொன்னேனேம்மா!"

"நீ இந்த ஹனோய் ஊர்ல அணைக்கக் கூடாதுன்னு சொன்ன, பாங்காக்லன்னு சொல்லலியே. வெல்கம்னு வந்தா அணைக்காம எப்படிடி இருக்கறது?"

நான் ஆராய்ச்சி முறைப்படி விசாரித்தேன். யாராவது தமிழ்ப் பெண் பக்கத்தில் நின்று உதவியிருக்கலாம், பதற்றத்தில் அதை அம்மா போனில் வந்த குரலாக நினைத்திருக்கலாம் என்பது என் முதல் கருதுகோள். போனைக் காதில் வைத்துக் காது சுட்டது என்றாள் அம்மா. எல்லாம் கனவோ என்பது இரண்டாவது. அதற்கு அவள் ஊறுகாய்க் கதையைச் சொன்னாள்.

கைப்பையில் ஊறுகாய் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அம்மா எனக்குத் தெரியாமல் எலுமிச்சை ஊறுகாய்ப் புட்டியை ஒரு புடவைக்குள் சுருட்டிப் பிரசவ லேகியத்துக்குப் பக்கத்தில் ஒளித்திருக்கிறாள். சென்னையில் யார் கண்ணிலும் படாமல் தப்பிய இரண்டும் பாங்காக் சோதனையில் சிக்கின. அப்போது அந்தக் குரல் சொன்னதாம்: "ஊறுகாய குடுத்துடும்மா. லேகியத்த மட்டும் உடாத." அம்மா லேகிய டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, வயிற்றைத் தொட்டுக் காட்டி, கையில் பிள்ளையைத் தாலாட்டிக் காட்டினாளாம். அந்தக் காவலர் பெண் கைகூப்பி வழிவிட்டாளாம். ஊறுகாய் இருந்ததே எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எப்படிக் கொடுக்கச் சொல்வேன்?

"கொரலு என் கொரலுதானா?" என்று கேட்டேன்.

"பெத்தவளுக்குத் தெரியாதா? உன் கொரலேதான்." பிறகு சற்று யோசித்தாள். "ஆனா ஒண்ணு. அம்மாந்நேரம் பேசுன, ஒரு தபா கூட சள்ளுனு உழல. திருப்பித் திருப்பிக் கேட்டாலும் பொறுமையா சொன்ன. அங்கயே எனக்கு சந்தேகம் வந்திருக்கணும்."

நைனா அந்தக் குரல்காரிக்குப் பாங்காக் பொண்ணு என்று பெயர் வைத்துவிட்டார். அதன்பின் வீட்டில் நான் குரலை உயர்த்தினால், "பாங்காக் பொண்ணு இப்டி பேசாது" என்பார். இல்லாத ஒருத்தியோடு ஒப்பிடப்பட்டு நான் நாள்தோறும் தோற்றேன்.

குழந்தைக்குத் தலை நின்றபிறகு அம்மா ஊர் திரும்பினாள். வந்த அன்று மதியம் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் ஓயாத பேச்சு மறுபடியும் அங்கேயே போய் நின்றது. கேட்டைக் கண்டுபிடித்த பிறகு பாங்காக் பொண்ணு என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். உண்மையில் அதுவரை யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

"ஒண்ணும் சொல்லல. நான்தான் கேட்டேன், சாப்ட்டியாடின்னு. 'இல்லம்மா, ரொம்ப நாளாச்சி'ன்ன. பரிச்சைன்னு நாஷ்டாகூட துன்னாம ஓடிட்டியேன்னு எனக்கு வயிறு எரிஞ்சிப்போச்சி. புளிச்சோறு கிண்டி வெச்சிட்டுதான் வந்திருக்கேன், ஊட்டுக்குப் போயி துன்னுடின்னேன். 'சரிம்மா, போறேன்'னு வெச்சிட்ட."

நைனா தட்டைத் தள்ளிவைத்தார். தேர்வு நாளன்று மாலை நான் வீடு திரும்பியபோது குண்டானில் சோறு இல்லை. இடையில் நைனா வந்து சாப்பிட்டுப் போயிருப்பார் என்று எண்ணினேன். தேர்வு முடிந்த பசியில் நான் தின்றுவிட்டதாக அவர் எண்ணினார். பேத்தி பிறந்த மகிழ்ச்சியில் கடை இட்லியை வாங்கிக்கொண்டோமே தவிர ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு நான் ரெண்டு ஷிப்டு பாத்துட்டு ராத்திரிதானே வந்தேன்" என்றார் நைனா, மெதுவாக.

பூட்டு பூட்டியபடியே இருந்தது என்பதையும், பூனை என்று நீங்கள் சொல்வதற்கு முன்பாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குண்டான் நன்றாகத் தேய்த்துக் கழுவி, தண்ணீர் வடியக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் நைனாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை.