புகையண்ணன் செய்த டெஸ்டர்

லாரி தெருமுனையில் திரும்பும்போதே அதன் புகையைப் பார்த்து என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று அவரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. பாதி புளுகு. ஆனாலும் அந்த டீசல் மெக்கானிக்குக்குப் ‘புகையண்ணன்’ என்ற பேர் ஒட்டிக்கொண்டது. புகை தெரிந்து என்ன செய்ய? டீசலைப் பனிபோல எஞ்சினுக்குள் பீய்ச்சுவது இன்ஜெக்டர். விரல் நீளச் சாமான். அது ஒழுங்காகப் பீய்ச்சுகிறதா என்று பார்க்க ஒரு டெஸ்டர் வேண்டும். அது அவரிடம் இல்லை. நகரத்தின் மறுகோடியில் கடை வைத்திருந்த தங்கை புருஷனிடம் இருந்தது.

ஆக, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் இரண்டு பஸ். டப்பாவை மடியில் வைத்து உட்கார்ந்தால் டீசல் நாற்றத்துக்குப் பக்கத்து சீட் தானாகக் காலியாகிவிடும். கண்ட லாபம் அது ஒன்றுதான். போய்ச் சேர்ந்தால், மாப்பிள்ளையின் கை ஒழியும்வரை கடை பெஞ்சில் காத்திருக்க வேண்டும். கடைக்குப் பின்னால்தான் வீடு. தங்கை பெஞ்சுக்கே சாப்பாடு கொண்டுவருவாள், தட்டை வாங்கும்போது இரண்டு வார்த்தை பேசுவாள். தோள்பட்டை ஒரு பக்கம், முட்டி ஒரு பக்கம் வலிக்க, அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு அலுத்துவிட்டது.

இரண்டு பேரும் ஒரே பட்டறையில் தொழில் பழகியவர்கள். அப்போதெல்லாம் வாடா போடாதான். தங்கையைக் கட்டிக்கொடுத்த அன்றைக்கே ‘டா’ போய், மாப்ள, மச்சான், வாங்க, போங்க எல்லாம் வந்தன. ஒருநாள் காலையில் போனவரைச் சாயந்திரம்வரை உட்காரவைத்துவிட்டு, பின்னால் வந்த பஸ் கம்பெனி வேலையை முதலில் முடித்தார் மாப்பிள்ளை. சொந்தக்காரன்தானே, எங்கே போய்விடப்போகிறான் என்ற நினைப்பு. வீடு திரும்பியதும் புகையண்ணன் பரணில் கிடந்த பழைய பாட்டில் ஜாக்கை இறக்கினார்.

வண்டியைத் தூக்கும் ஜாக்குக்குள் இருப்பதும் பம்ப்தானே. எண்ணெயை வடித்துவிட்டு டீசலை ஊற்றினார். மேலே எழும்பும் தண்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரும்புக் குழாயையும் அழுத்தம் காட்டும் கேஜையும் பொருத்தினார். குழாயின் மறுமுனையில் இன்ஜெக்டரை மாட்டி அதன் மூக்கைக் கண்ணாடி ஜாடிக்குள் நீட்டிவைத்தார். அந்தப் பீய்ச்சலில் விரல் பட்டால் தோலைத் துளைத்துவிடும். கைப்பிடியை அழுத்த அழுத்தக் கேஜின் முள் ஏறும், ஓரிடத்தில் இன்ஜெக்டர் கிர்ரென்று திறக்கும். அதற்குச் சற்றுக் கீழே நிறுத்திவைத்தால் முள் அங்கேயே நிற்க வேண்டும். மளமளவென்று இறங்கினால் இன்ஜெக்டரின் மூக்கான நாசில் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மனைவி எட்டிப் பார்த்தாள். “இதென்ன, பால் கறக்கிற மாதிரி இருக்கு?”

“சிரிக்காத. இனிமே நான் ஒருத்தன் வாசல்லயும் போய் உக்கார வேண்டாம்.”

முதலில் வந்தவர் ஒரு லாரிக்காரர். மாப்பிள்ளை கடையில் புது நாசில் போட்டு வாங்கிய இன்ஜெக்டர்கள், ஆனாலும் வண்டி கறுப்பாய்ப் புகைந்தது. புகையண்ணன் ஒவ்வொன்றாக மாட்டி அழுத்தினார். எல்லாவற்றிலும் முள் ஏறி, நிற்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு இறங்கியது.

“நாசில் மாத்தவே இல்லைங்க. பழசையே கழுவித் தொடச்சுக் குடுத்திருக்காரு எங்க மாப்ள.”

சொல்லும்போது நாக்கு இனித்தது. பெஞ்சில் காத்திருந்த பொழுதுக்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்கிவிட்ட மாதிரி இருந்தது. லாரிக்காரர் நேரே அந்தக் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், “உன் மச்சானே சொல்லிட்டாரு, நீ திருடன்னு” என்று கத்திவிட்டு வந்தார். திருடன் என்ற வார்த்தை புகையண்ணன் சொன்னதல்ல. ஆனால் வாயை விட்டுப் போன பேச்சு வழியில் கையும் காலும் முளைத்துத்தானே போய்ச் சேர்கிறது.

அன்றைக்குத் தங்கை போனை எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. உடன்பிறந்தவள் என்று அவருக்கு இருப்பது அவள் ஒருத்திதான். கோபம் ஆறட்டும் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டார், ஆனால் போனைக் கையைவிட்டு வைக்கவில்லை.

லாரிக்காரர் வேறெங்கோ புது நாசில் வாங்கிவந்தார். அதைப் போட்டுப் பார்த்தால் அதிலும் முள் இறங்கியது.

“ஊர்ல இருக்கறதெல்லாம் சொத்தைன்னா எப்படிங்க?” என்றாள் மனைவி. “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்.”

அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அடங்கியும் போயிற்று. நாசில் நுனியைத் தொட்டுப் பார்த்தார், காய்ந்திருந்தது. மீந்த டீசல் திரும்பிப் போகிற மேல்பக்கத் துளையிலும் ஒரு சொட்டு வரவில்லை. அழுத்தம் இறங்குகிறது, டீசல் வெளியே வரவில்லை. அப்படியானால் டீசல் எங்கே போகிறது? இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டுக் குழாயின் முனையைத் திருகாணி போட்டு அடைத்து அழுத்தினார். எதுவுமே மாட்டாத குழாயில் முள் அதேபோல ஏறி, அதேபோல இறங்கியது. ஒழுகியது ஜாக்குக்குள்ளேயே இருந்த வால்வு; டீசல் அதன் வழியே உள்ளேயே திரும்பியிருக்கிறது. முனையை அடைத்து டெஸ்டரை முதலில் பார்ப்பது பட்டறையில் சேர்ந்த அன்றைக்கே படித்த பாடம். அவசரத்தில் அதை விட்டுவிட்டார். அவசரம் மாப்பிள்ளையைக் குற்றம் சொல்வதில் இருந்தது.

லாரியின் ஏர் ஃபில்டரைத் திறந்தார். தலையணைப் பஞ்சுபோல அழுக்கு அடைத்திருந்தது. காற்று போகாமல் வண்டி கறுப்பாய்ப் புகைந்தது அதனால்தான். புகையைப் பார்த்தே சொல்கிறவர் என்று பேர் வேறு! “தப்பு என்மேலதாங்க, மாப்ளைமேல இல்ல” என்று லாரிக்காரரிடம் சொன்னார். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு பஸ் மாறி, டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார் புகையண்ணன்.

“வாங்க மச்சான், உக்காருங்க.”

“உக்கார வரல மாப்ள. ஜாக் வால்வு ஒழுகியிருக்கு. முனைய அடைச்சுப் பாக்காம விட்டுட்டேன்.”

“முனைய அடைக்கல, சரி. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே மச்சான்?”

புகையண்ணன் டெஸ்டரை நீட்டினார். மாப்பிள்ளை அன்று அவரைக் காக்கவைக்கவில்லை. கையிலிருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டு ஜாக்கைப் பிரித்தார். வால்வுக்குள் இருந்த சின்னக் குண்டை மாற்றி, அது உட்காரும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்து, திரும்பப் பூட்டினார். முனையை அடைத்து அழுத்தினார். முள் ஏறி, ஆணி அடித்த மாதிரி நின்றது.

“இப்ப நல்லா இருக்கு. இனிமே நீங்க ரெண்டு பஸ் மாறி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் மச்சான்.”

பழையபடி ‘டா’ போட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இந்த மரியாதைதான் அவரைக் கொன்றது.

தங்கை உள்கதவருகே நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு இல்லை.

“நீயாவது வான்னு சொல்லும்மா,” என்றார்.

“அவரு சொல்றது சரிதானே. இனி உனக்கு இங்க என்ன வேலை? இத்தனை வருஷத்துல என்னைப் பாக்கணும்னு ஒரு தடவை வந்திருக்கியா அண்ணா? எப்பவும் அந்த டப்பாவோடதான வந்தே.”

புகையண்ணன் கையில் எடுத்திருந்த டெஸ்டரைக் கடை ஓரமாக இறக்கிவைத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து செருப்பைக் கழற்றினார்.

“உள்ள வரலாமாம்மா?” என்றார்.

கூடப்பிறந்தவளிடம் கேட்கிற கேள்வியா அது? கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றார்.