புரொபசர் முடிக்காத புத்தகம்

"ஜேர்மன் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். வேலை கைவிட்டுப் போய்விட்டது என்று கைப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். "நல்லது. திங்கட்கிழமை வாருங்கள்" என்றார். இந்த மனிதருக்கு என்ன விசரோ என்றுதான் நினைத்தேன். எண்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஒரு கல்லூரியின் ஜேர்மன் இலக்கியத் துறைக்குத் தட்டச்சு செய்ய ஆள் வேண்டுமாம் என்று கேள்விப்பட்டு, ஊரில் அரசாங்கக் கச்சேரியில் தட்டச்சு வேலை பார்த்த துணிச்சலில் போயிருந்தேன். அந்தத் துறையின் தலைவர்தான் புரொபசர். எனக்கு முன்பு அங்கே இருந்தவள் ஒரு ஜேர்மன்காரி. புரொபசர் எழுதியதை விட்டுவிட்டு, அவர் எழுதியிருக்க வேண்டும் என்று தான் நினைத்ததை அடித்து வைப்பாளாம். அதனால் மொழி தெரியாத ஒருத்தியைத் தேடிக்கொண்டிருந்தார்.

இப்படித்தான் ஒரு சொல்லும் விளங்காமல் ஒரு பெரிய புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் தட்டத் தொடங்கினேன். அடித்து முடித்ததும் ஒப்புநோக்க வேண்டும். நான் தட்டிய தாளைப் பார்த்துச் சத்தமாக வாசிப்பேன். அவர் தன் கையெழுத்துப் பிரதியில் விரல் வைத்துக்கொண்டு கேட்டு வருவார். அதற்காகவே ஜேர்மன் எழுத்துக்களின் உச்சரிப்பை எனக்குப் பழக்கினார். தொண்டைக்குள்ளிருந்து காறுவது மாதிரி ஒரு ஒலி உண்டு. அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அவரும் சிரிப்பார். மற்றப்படி அதிகம் சிரிக்கிற ஆள் இல்லை. கல்யாணம் செய்யாதவர். ஜேர்மனியில் பிறந்து, சிறுவனாக உலக யுத்தத்தைப் பார்த்தவர். இளம் விரிவுரையாளராக லண்டனுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர். எங்கள் ஊரில் நடப்பதைச் செய்தியில் கண்டால் அடுத்த நாள் ஒன்றும் கேட்கமாட்டார். என் மேசையில் ஒரு கோப்பை தேநீர் மட்டும் இருக்கும்.

அவருடைய முழுச் சீவியமும் ஒரே ஒரு கேள்விதான். எழுதினவனைப் பற்றி உலகம் முழுக்க எழுதித் தள்ளிவிட்டார்களே, வாசிக்கிறவனைப் பற்றி யார் எழுதினார்கள் என்று கேட்பார். ஒரு மனிதன் ஒரு புத்தகத்தை விரித்து வைத்திருக்கும்போது அவனுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அவர் பிடித்துக்கொண்ட விடயம். பழைய ஜேர்மன் நாவல்களை அந்தக் காலத்துச் சனங்கள் எப்படி வாசித்தார்கள், ஓரத்தில் என்ன கிறுக்கினார்கள் என்றெல்லாம் தேடிப் பிடித்து வைத்திருந்தார். புத்தகத்தின் சாரத்தை ஒருநாள் எனக்கு விளங்கப்படுத்தினார். உண்மையான வாசிப்பு என்பது மனிதன் தனியே இருந்து, வாய் மூடி, மௌனமாக வாசிக்கப் பழகிய நாளில்தான் பிறந்தது. அதற்கு முந்தியதெல்லாம் வெறும் கேட்டல். இதுதான் அவர் கண்ட முடிவு. எனக்கு அப்போது சரி போலத்தான் பட்டது. புரொபசர் சொன்னால் சரியாகத்தானே இருக்கும்?

தொண்ணூறுகள் பிறந்ததும் கல்லூரியின் காற்று மாறியது. எந்தத் துறை என்ன வெளியிட்டது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். ஜேர்மன் படிக்க வரும் பிள்ளைகளும் குறைந்துகொண்டே போனார்கள். மதிப்பீட்டுக்கு முன் புரொபசரின் புத்தகம் அச்சில் வந்தால் துறை தப்பும், இல்லாவிட்டால் மூடுவோம் என்று மேலிடத்தில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் எல்லோருடைய சோறும் அந்த ஒரு புத்தகத்தில் இருந்தது. அதில் ஒரு இளம் விரிவுரையாளருக்கு அப்போதுதான் பிள்ளை பிறந்திருந்தது. நாங்களும் கிங்ஸ்பரியில் கடனுக்கு ஒரு வீட்டை வாங்கி மூச்சுவிட முடியாமல் இருந்தோம். நல்லகாலம், புத்தகம் முடியும் தறுவாயில் இருந்தது. பதிப்பாளர் காத்துக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி.

அந்த நேரத்தில்தான் ஒருநாள் வேலை முடிய முன்பே வேளைக்குப் போகவேண்டும் என்று கேட்டேன். எங்கள் ஆட்கள் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்துப் புராணப் படிப்பு வைத்திருந்தார்கள். என் கணவர் அதில் பயன் சொல்பவர். ஒருவர் ஏட்டைப் பார்த்துச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளைச் சொல்வார், சபை கேட்டுக்கொண்டிருக்கும், இதைத்தான் பயன் சொல்வது என்போம் என்று புரொபசருக்கு விளங்கப்படுத்தினேன். அவர் பேனையை வைத்துவிட்டு, தானும் வரலாமா என்று கேட்டார். வந்தார். முழங்கால் வருத்தக்காரர், கதிரை கொடுத்தும் வேண்டாமென்று சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சனத்தோடு நிலத்தில் இருந்தார். அன்றைக்கு, அசுரன் தன் மகனைப் போரில் இழந்து புலம்பும் இடம். முன்வரிசையில் ஒரு அம்மா இருந்தா. ஊரில் மகனைப் பறிகொடுத்துவிட்டு வந்தவ. பள்ளிக்கூடப் பக்கமே போகாதவ. அந்தச் செய்யுள் படித்தவர்களுக்கே லேசில் பிடிபடாது. என் கணவர் பயன் சொல்ல இன்னும் வாய் திறக்கவில்லை, அதற்குள் அவ சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கத் தொடங்கிவிட்டா. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணைத் துடைத்தார்கள். அசுரனுக்காக அழுகிறார்களா, தங்கள் பிள்ளைகளுக்காக அழுகிறார்களா, யாருக்குத் தெரியும். புரொபசர் அந்த அம்மாவையே பார்த்தபடி இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் கேட்டார், "இஞ்சரும், உம்மட வெள்ளைக்காரர் அழுதவர், கண்டனீரே?" நான் காணவில்லை. "அந்த ஆளுக்கு என்ன விளங்கியிருக்கும்?" என்றேன். "அதுதானே எனக்கும் விளங்கேல்லை" என்றார்.

அடுத்த நாள் புரொபசர் வெளுத்துப்போன முகத்தோடு வந்தார். பதிப்பாளருக்குத் தொலைபேசியில் பேசிவிட்டாராம், புத்தகம் இப்போது வராது. நேற்று அந்த மண்டபத்தில் நடந்ததை வாசிப்பு இல்லை என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஒருவர் வாசித்தார், ஒருவர் பொருள் சொன்னார், ஒரு அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. இந்த மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தப் பக்கத்தை வாசித்தார்கள், தன் புத்தகத்தில் இவர்களுக்கு இடமே இல்லை என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முதலில் இதைக் கொடுங்கள், பிழையை அடுத்த புத்தகத்தில் திருத்துங்கள். ஊர் உலகத்தில் எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?" என்று கத்தியேவிட்டேன். "பிழை என்று தெரிந்த பிறகு எப்படிக் கொடுப்பது?" என்று திருப்பிக் கேட்டார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்குத் திட்டினேன். இன்றைக்கும் அந்த வார்த்தையை முழுதாக வாபஸ் வாங்க எனக்கு மனமில்லை. அந்த இளம் விரிவுரையாளர் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து கெஞ்சியதை நான் பார்த்தேன். புரொபசர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

சொன்னபடியே துறையை மூடினார்கள். பிரியாவிடைக்கு மலிவான வைன் போத்தலும் கடலையும் வைத்தார்கள். சக ஆசிரியர்கள் ஒருவரும் அவருக்குக் கிட்டப் போகவில்லை. சுவரோரமாகக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவர் தனியே நின்றது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான் கவுன்சில் கந்தோரில் ஒரு வேலை பிடித்துக்கொண்டேன். அவர் குட்மேய்ஸில் சின்னஞ்சிறு பிளாட் ஒன்றுக்குப் போய், புத்தகத்தை முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். எழுதிய தாள்களைத் தபாலில் அனுப்புவார். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் வீட்டில் இருந்து தட்டச்சில் அடித்துக் கொடுத்தேன். எனக்கே என்னை விளங்கவில்லை.

பிறகு ஒருநாள் பாரிசவாதம் வந்து விழுந்தார். பேச்சு இருந்தது, வாசிப்புப் போய்விட்டது. எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிகிறது, சேர்ந்து சொல்லாக வரமாட்டேன் என்கிறது என்றார். ஆயுள் முழுவதும் வாசிப்பைப் பற்றியே யோசித்த மனிதருக்குக் கடவுள் இப்படிச் செய்யலாமா? பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தார்கள். "தனிக்கட்டை மனுஷன், போய்ப் பாத்திட்டு வாரும்" என்று என் கணவர்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் என்னை அனுப்பி வைப்பார். புதுப் புத்தகத்தின் தாள்களைக் கொண்டுபோய்க் கட்டிலருகில் இருந்து நான் ஜேர்மனில் வாசிப்பேன். ஒரு பந்தி முடிந்ததும் நிறுத்துவேன். அவர் ஆங்கிலத்தில் அதன் பயன் சொல்வார். அத்தனை வருடமாக நான் தட்டியது இதைத்தானா என்று வாய் பிளந்து கேட்டிருக்கிறேன். அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். எழுதி முடிக்கச் சொல்லி நானே அவரைக் கேட்டேன். நீங்கள் சொல்லுங்கள், யாரையாவது பிடித்து எழுதுவிப்போம் என்றேன்.

மாரி தொடங்கியபோது வாதம் இரண்டாவது தடவை வந்து பேச்சையும் கொண்டுபோய்விட்டது. அந்தக் கிழமையும் போய், விட்ட இடத்திலிருந்து வாசித்தேன். எங்கள் மண்டபத்தைப் பற்றிய இடமாக இருக்கவேண்டும், ஏனென்றால் ஜேர்மன் சொற்களுக்கு நடுவில் 'புராணம்' என்ற சொல்லும் கிடந்தது. பந்தி முடிந்ததும் பழக்கத்தில் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். அவர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. திரும்பவும் முயன்றார். கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு சொல்லும் விளங்காமல், அதே பந்தியை மறுபடியும் வாசித்து அழுதேன். தைப்பொங்கலுக்கு முன்பே அவர் போய்விட்டார். பாதிப் புத்தகத்தைப் பதிப்பாளரும் ஏற்கவில்லை, கல்லூரியும் ஏற்கவில்லை. அது என்னோடுதான் இருக்கிறது.

போன மாதம் என் மகள் அந்தத் தாள்களைக் கண்டுவிட்டு, "அம்மா, போனைப் பிடிச்சால் உடனே இங்கிலிஷில காட்டும், இவ்வளவு நாளும் சும்மா வச்சிருக்கிறீங்களே" என்று சிரித்தாள். நான் எடுத்துக் கொடுத்த அந்தப் புராணப் பந்திக்கு மேலே போனைப் பிடித்துக் காட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் ஆங்கிலமாகிவிட்டது. வாசித்தேன். அந்த அம்மா, அந்த அழுகை, என் கணவரின் குரல், எல்லாம் இருந்தது, எல்லாம் விளங்கியது. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. "பிள்ளை, இதை ஒருக்கால் சத்தமா வாசி, நான் கேக்கிறன்" என்றேன். "சொறி அம்மா, ட்ரெயினுக்கு லேட்டாகுது, பின்னேரம் வந்து வாசிக்கிறன்" என்று போனை என் கையில் தந்துவிட்டு ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு ஓடினாள். முன்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. மிச்சத்தை நான் மனதுக்குள்ளேயே வாசித்து முடித்தேன்.