காதர் பாயும் பிளாஸ்டிக் ஒப்பந்தமும்: சிங்கப்பூரில் மூன்று நாள்

பதின்மூன்று வருடம் கழித்து மறுபடி சிங்கப்பூர் போவேன் என்று நான் நினைத்ததில்லை. அதுவும் பிளாஸ்டிக் உற்பத்தியைக் குறையுங்கள் என்று கேட்பதற்காக!

ஏழு வருடம் அங்கே ஜூரோங் பக்கம் பிளாஸ்டிக் மூலப்பொருள் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவன் நான். பயறு அளவில் வெள்ளை மணிகள். அதை உருக்கித்தான் பையும் வாளியும் செய்கிறார்கள். இப்போது நாகர்கோவிலில் வேதியியல் ஆசிரியர். போன வருடம் கேரளக் கடலில் மூழ்கிய சரக்குக் கப்பலிலிருந்து அதே மாதிரி மணிகள் எங்கள் குமரிக் கரையிலும் ஒதுங்கின. மாணவர்களோடு சல்லடை எடுத்துக்கொண்டு போய் மணலைச் சலித்தேன். முதல் பிடியை அள்ளியதுமே என் பழைய வேலை கையில் இருப்பது போலிருந்தது.

ஆகஸ்டில் உலக நாடுகள் ஜெனிவாவில் கூடிப் பேசியும் பிளாஸ்டிக் ஒப்பந்தம் முடிவாகவில்லை. உற்பத்திக்கே வரம்பு வேண்டுமா, குப்பையைச் சரியாக அள்ளினால் போதுமா என்பதுதான் பெரிய இழுபறி. அடுத்த சுற்றுக்கு முன் கடலோர ஊர்க்காரர்கள் ஒரு கூட்டறிக்கை எழுதலாம் என்று சிங்கப்பூரில் இரண்டு நாள் கூட்டம் வைத்தார்கள். இந்த ஜனவரியில் நடந்த அதற்கு என்னையும் அழைத்தார்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து நாலரை மணி நேரப் பயணம். சாங்கி விமான நிலையத்தில் ரயிலேறி, எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேராக லிட்டில் இந்தியா. ஐம்பது நிமிடம், சுமார் இரண்டு வெள்ளி. (டாலரை அங்கே நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) பொங்கலுக்காகத் தெருவெங்கும் விளக்குத் தோரணம், கட்டுக்கட்டாகக் கரும்பு. மல்லிகையும் ஊதுபத்தியும் கலந்த அந்த வாசனை மாறவேயில்லை.

பையை விடுதியில் போட்டுவிட்டு முதலில் போனது புக்கிட் மேரா. ரயிலும் பேருந்துமாக நாற்பது நிமிடம். நான் அறை எடுத்திருந்த அடுக்குமாடி புளோக்குக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். கீழே அதே கல்மேசை. காலை ஐந்தே முக்காலுக்கு ஆலை பஸ்ஸுக்காக அதில் உட்கார்ந்து தூங்கி வழிந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அதே பஸ்ஸுக்கு வரும் காதர் பாய்தான் எழுப்பிவிடுவார். என்னைவிட ஆறு வயது மூத்தவர், சிங்கப்பூரிலேயே பிறந்தவர், மூட்டை கட்டும் பிரிவில் இருந்தார். நோன்பு மாதத்தில் வீட்டிலிருந்து ஒரு தூக்குக் கஞ்சி கொண்டுவருவார். நோன்பு திறக்கும்போது அதில் ஒரு குவளை எனக்கு. அந்த ஏழு வருடம்தான் என் வாழ்க்கையில் சந்தோஷமான காலம் என்று இப்போதும் சொல்வேன். சொல்லும்போது இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

மாலை லிட்டில் இந்தியாவிலேயே உள்ள தேக்கா சந்தையில் அவரைச் சந்தித்தேன். இப்போது செங்காங்கில் வீடு. அதே ஆலையில் மேற்பார்வையாளர். நுரை ததும்பும் தே தாரிக் தேநீர் வாங்கி வந்தார். பிள்ளைகள், முட்டிவலி என்று எல்லாம் பேசினோம். என்ன விஷயமாக வந்தேன் என்பதை மட்டும் நான் மழுப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் அவரே கேட்டுவிட்டார். சொன்னேன்.

தேநீரை ஓரமாக நகர்த்தி வைத்தார். "அப்ப என் ஆலைய மூடச் சொல்லி எழுத வந்திருக்கே."

"மூடச் சொல்லல பாய். கொஞ்சம் கொஞ்சமா குறைக்கச் சொல்றோம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் லா. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு வருஷம் இருக்கு."

சிங்கப்பூர்ப் பேச்சின் முடிவில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா' அன்று குத்தியது. கைப்பேசியில் எங்கள் கரையின் படங்களைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். கூட்டம் நடக்கும் இடத்தைக் கேட்டுக்கொண்டு, எழுந்து போய்விட்டார். ஒரு நட்பை அந்த மேசையில் விட்டுவிட்டு வந்தது போல விடுதிக்கு நடந்தேன்.

கூட்டம் கேலாங் கிழக்கில், சிவன் கோயிலுக்கு அருகில் ஓர் அரங்கில். லிட்டில் இந்தியாவிலிருந்து மெக்பெர்சன், அங்கே வண்டி மாறி ஒரே நிறுத்தம் பாய லேபார். நடையோடு சேர்த்து அரை மணி நேரம். முதல் நாள் முழுக்கப் பேச்சு ஒரே ஒரு வரியில் நின்றது: 'உற்பத்திக்கு வரம்பு வேண்டும்.' ஆலை இருக்கும் ஊர்க்காரர்கள் சிலர் அதை எடுத்துவிடச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பத்தரைக்கு, விடுப்பு போட்டுவிட்டு, காதர் பாய் வந்து பின்வரிசையில் உட்கார்ந்தார். ஆலைக்காரர் ஒருவர் வந்திருக்கிறார் என்றதும் பேச அழைத்தார்கள். தமிழில்தான் பேசினார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

"முன்னெல்லாம் மூட்டை கிழிஞ்சா குழாயத் திறந்து தரையக் கழுவி விடுவோம். நானும் இவனும்தான் கழுவுவோம். அந்தத் தண்ணி எங்க போகும்னு ஒரு நாளும் கேட்டதில்ல. முந்தாநேத்து இவன் படம் காட்டினான். குறைக்கணும்னு எழுதுங்க. ஆனா அதுல வேலை செஞ்சவங்க அப்புறம் எங்க போவாங்கன்னும் எழுதுங்க. அத எழுதலைன்னா யாரும் ஒத்துக்க மாட்டாங்க."

'நானும் இவனும்' என்பதை மொழிபெயர்க்கும்போது, அந்த 'இவன்' நான்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்த நாட்களை நான்தானே சந்தோஷம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

மதியத்துக்குள் தொழிலாளர்களுக்கு மாற்று வேலை, பயிற்சி என்று ஒரு பத்தி சேர்ந்தது. வரம்பு என்ற வரியும் நின்றது. இரண்டு குழுக்கள் அப்போதும் கையெழுத்திடவில்லை. ஒரு கூட்டறிக்கையால் நாடுகள் மனம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் எதிரெதிர்ப் பக்கத்தவர்கள் ஒரே தாளில் எழுத முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தேன்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வங்கி அட்டையைத் தட்டியே ரயிலிலும் பேருந்திலும் போகலாம், ஆனால் நம் வங்கி அதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரைத் தயங்காமல் குடிக்கலாம், அதனால் பாட்டில் கொண்டுபோங்கள். துணிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது ஐந்து காசு. ஜனவரியில் மழை உண்டு, குடை அவசியம். தேக்காவில் சாப்பிட மதியம் பன்னிரண்டுக்கு முன் போனால் இடம் கிடைக்கும்.

மூன்றாம் நாள் மாலை, கூட்டம் முடிந்த கையோடு, காதர் பாய் விமான நிலையம் வரை வந்தார். உள்ளே போகும் வாசலில், அந்த நாடுகளெல்லாம் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"ஏழு வருஷம் ஒண்ணாச் செஞ்சோம். குறைக்கச் சொல்றதையும் ஒண்ணாச் சொல்லிட்டோம் லா," என்றார். "போயிட்டு வா."