டீ தூக்க மாட்டேன்

அரசு அலுவலகத்தில் என் முதல் நாள் ஒரு ஃபிளாஸ்க்கோடு தொடங்கியது. அதற்கு முன் இண்டர்வியூ கதையைச் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் என் கோபம் புரியும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தகடு வெட்டும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வேகம் வேண்டுமென்று, கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொன்னார்கள். இடது கை மணிக்கட்டோடு போனது. கொஞ்ச நாளில் வேலையும் போனது.

மாற்றுத்திறனாளி ஒதுக்கீட்டில் அலுவலக உதவியாளர் வேலைக்கு இரண்டு முறை இண்டர்வியூ போனேன். கேட்டதற்கெல்லாம் செய்வேன் சார் என்று தலையாட்டினேன். இரண்டு முறையும் காலை லேசாகத் தாங்கி நடப்பவர்களுக்கே வேலை கிடைத்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. கோட்டாவை நிரப்ப ஊனம் வேண்டும், ஆனால் அது கண்ணில் படக்கூடாது என்று நினைப்பவர்கள் மேல்தான் ஆத்திரம்.

மூன்றாவது இண்டர்வியூ திருவள்ளூரில். வயது வரம்பு நெருங்கிவிட்டதால் அதுதான் கடைசி வாய்ப்பு. பெரியபாளையம் வழியாக பஸ்ஸில் போகும்போது அப்பா பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

"நீ வாய வெச்சிக்கினு சும்மா இரு. இன்னா கேட்டாலும் ஆவும்னு சொல்லு. கைய முந்தானையில மூடிக்க."

உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் இருந்த அதிகாரி என் சர்டிஃபிகேட்டைத் திறக்கவே இல்லை. முந்தானையையே பார்த்தார்.

"ஒத்தைக் கையில டீ தட்ட எப்படிம்மா தூக்குவ?"

தலையாட்டினால் என்ன கிடைக்கும் என்று இரண்டு முறை பார்த்தாகிவிட்டது. கையை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"ஃபைல் கட்டு தூக்குவேன் சார். தபால் கொண்டு போவேன். ஜெராக்ஸ் எடுப்பேன். டீ தூக்க மாட்டேன். ரெண்டு கை இருந்தாலும் தூக்க மாட்டேன்."

ஓரத்தில் இருந்த அதிகாரியம்மா குனிந்து சிரித்தார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும், "கெடுத்துக்கினியே" என்றார் அப்பா.

ஆனால் ஆர்டர் வந்தது. யார் போட்ட மார்க் என்று இன்றுவரை தெரியாது.

முதல் நாள் சூப்பரண்ட் என் முன்னால் ஃபிளாஸ்க்கை வைத்தார். செக்‌ஷனுக்கே டீ வாங்கி வரவேண்டும், இங்கே அதுதான் வழக்கம் என்றார். இண்டர்வியூவிலேயே முடியாது என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்றேன். ஃபிளாஸ்க்கை அவர் மேசையிலேயே திரும்ப வைத்துவிட்டு ரெக்கார்டு ரூம் சாவியைக் கேட்டேன்.

அன்று செக்‌ஷனில் யாருக்கும் டீ இல்லை. வேலையில் நிரந்தரமாகாதவளுக்கு இவ்வளவு திமிரா என்று என் காதுபடவே பேசினார்கள். ஆனால் ஃபைல் கேட்டவர் யாரையும் நான் காக்கவைக்கவில்லை, கேட்டதும் எடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு அவரவரே எழுந்து ஆபீஸ் கேட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போய்க் குடிக்க ஆரம்பித்தார்கள். சூப்பரண்டும்தான்.

இப்போது வேலைக்கு அலைகிற நம்மவர்களுக்குச் சொல்கிறேன். எதைச் செய்வேன் என்று சொல்வதோடு, எதைச் செய்ய மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுங்கள். ஒதுக்கீட்டில் வரும் வேலை யாரும் போடும் பிச்சை இல்லை.

எனக்கும் டீ பிடிக்கும். பதினொரு மணிக்கு நானே கடைக்குப் போவேன். கிளாஸைப் பிடிக்க ஒரு கை தாராளமாகப் போதும்.