பெரியநாயகி அத்தை வைத்த அடகு

போன மாதம் மகனின் படிப்புக் கடனுக்காக மலாக்கா டவுனில் ஒரு வங்கிக்குப் போயிருந்தேன். அவனுடைய பரீட்சை சர்டிபிகேட்டையும், ஜாமீன் போடுகிற என் ஐ.சி. என்கிற அடையாள அட்டையையும் கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண், "என்ன ஆன்ட்டி?" என்றாள். "ஒண்ணுமில்லம்மா, எங்க மாமியார் ஞாபகம் வந்துருச்சி" என்றேன்.

இந்த இரண்டையும் யாரும் கேட்காமலே கடன் கொடுத்தவரிடம் கொண்டுபோய் வைத்தவர் அவர்.

பெயர் பெரியநாயகி. நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் மரம் வெட்டினார். மாமாவை ஜப்பான்காரன் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான், அவர் திரும்பவில்லை. மிஞ்சியது ஒரே மகன் காளிதாஸ். பிற்பாடு எனக்குக் கணவராக வந்தவர்.

தோட்டத்துப் பள்ளியில் ஆறாவதோடு எல்லோரும் நின்றோம். நானும் அப்படித்தான். அத்தை மட்டும் மகனை மலாக்கா டவுன் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். கழுத்தில் காதில் கிடந்தது முதல் இரண்டு வருஷத்திலேயே போயிற்று. பிறகு புலாவ் செபாங்கில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியாரிடம் ஐந்நூறு வெள்ளி கடன் வாங்கினார். தங்கராஜு கங்காணி ஜாமீன் நின்றார். அத்தை பெருவிரல் வைத்தார். "பால் வெட்டுறவ மகன் தொரை ஆகப் போறானாம்" என்று பால் நிறுக்கிற இடத்தில் கேலி பேசுவார்கள். "ஆகட்டுமே, உன் வீட்டு அரிசியிலயா ஆகுறான்?" என்பாராம் அத்தை.

ஐம்பத்தைந்தில் மகன் பாஸ் செய்து சர்டிபிகேட் வந்தது. அத்தை அதை மாரியம்மன் காலடியில் வைத்துக் கும்பிட்டார். பிறகு யாரிடமும் சொல்லாமல் நேரே செட்டியார் கடைக்குப் போனார்.

"இந்தாங்கய்யா, உங்க பொருளு."

"என்னம்மா இது?"

"உங்க காசுல வாங்குன படிப்பு. கடன் தீர்ற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்."

எங்கள் தோட்டத்தில் மாடு வாங்கக் கடன் கொடுத்தால், கடன் தீரும்வரை மாடு கொடுத்தவர் பேரில்தான் இருக்கும். அத்தைக்குத் தெரிந்த நியாயம் அது.

"மாடா இது, கொட்டாயில கட்டி வைக்க? கொண்டு போம்மா."

"மாட்டுக்கு ஒரு நியாயம், படிப்புக்கு ஒரு நியாயமாங்கய்யா?"

செட்டியாரும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம், தோட்ட ஆபிஸில் கணக்கு எழுதுகிற காளிமுத்து கிராணி ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மலாக்காவில் கவர்மெண்ட் ஆபிஸ் வேலைக்கு இன்டர்வியூ. அசல் சர்டிபிகேட்டோடு வரவேண்டும்.

"அம்மா, சர்டிபிகேட்ட எடு" என்றார் மகன்.

"இருடா, பெட்டிச் சாவிய எங்கயோ வச்சிட்டேன். தேடிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, மூன்று மைல் நடந்தார். "முருகா, இந்த ஒரு பொய்ய மன்னிச்சிரு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம்.

அது காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசர காலம். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டை மூடினால் மறுநாள் விடிந்துதான் திறப்பார்கள். ஐ.சி. இல்லாத ஆளை, காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அதைக் கொடுத்துவிட்டு வந்தவரோ என்றுதான் பார்ப்பார்கள்.

செட்டியார் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார். "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். ஆனால் அடகை மீட்டு வேறு அடகு வைக்காமல் போக அத்தைக்கு மனசு வரவில்லை. கையில் வேறு எதுவும் இல்லை. செட்டியார் முருகன் படத்துக்கு விளக்கேற்றிக் கண்ணை மூடிக் கும்பிட்டார். அந்த நேரத்தில் அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்து, தன் ஐ.சி.யை அவருடைய கணக்குப் பெட்டிக்கு அடியில் செருகிவிட்டு வந்துவிட்டார். அது இல்லாமல் தன்னால் இருக்க முடியாது, அதனால் அதுதான் சரியான அடகு என்று நினைத்திருக்கிறார்.

கேட்டில் நின்ற மலாய்க்கார போலீஸ்காரர் ஐ.சி.யைக் கேட்டார். அத்தை சர்டிபிகேட்டை நீட்டினார்.

"இது ஐ.சி. இல்ல, மக்சிக்" என்றார், மலாய்க்காரர்கள் அம்மா வயதுக்காரரைக் கூப்பிடுகிற மாதிரி.

"ஐ.சி. செட்டி கடையில இருக்கு. அடகு வச்சிட்டேன்" என்று தெரிந்த மலாயில் சொன்னார்.

அப்படி ஒரு பதிலை அவர் கேட்டதே இல்லை போலும். அத்தையைக் காவல் கொட்டகையில் உட்கார வைத்தார். சர்டிபிகேட்டையும் வாங்கிக்கொண்டார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. இங்கிலீஷ் தெரிந்த போலீஸ் சார்ஜண்ட் மறுநாள் பத்து மணிக்குத்தான் வருவாராம்.

விஷயம் தெரிந்து மகன் கேட்டுக்கு ஓடிவந்தார். கம்பிக்கு அந்தப்பக்கம் அம்மா.

"இங்கதான் பெட்டிச் சாவி தேடுனியா?"

"கோவிச்சுக்காதடா கண்ணு. அந்தக் காயிதத்த மட்டும் உன் கையில குடுக்கச் சொல்லிக் கேளு. நான் இங்கயே கெடந்துக்கறேன்."

கேட்டார். தானே வாசித்துக் காட்டுவதாகவும் சொன்னார். சொந்த மகன் வாசிப்பது செல்லாது என்று கொடுக்கவில்லை. ஆறு மணியாகப் பத்து நிமிஷம்தான் இருந்தது. அத்தை முருகனைக் கூப்பிடத் தொடங்கினார்.

அப்போதுதான் செம்மண் ரோட்டில் ஒரு சைக்கிள் தள்ளாடி வந்தது. காப்பிக்கடைக்காரர் சைக்கிள், மேலே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செட்டியார்! அந்த உடம்பு சைக்கிளில் ஏறி யாரும் பார்த்ததில்லை.

"ஏம்மா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணேன்? அடுத்தவங்க ஐ.சி. என் கடையில இருந்தா, மொத விலங்கு எனக்குத்தானே!"

"அடகு வைக்காம எப்படிங்கய்யா..."

"அடகாம் அடகு! இன்னும் கொஞ்சம் விட்டா உன்னையே பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டச் சொல்லுவ போலருக்கே!"

போலீஸ்காரர் ஐ.சி.யில் இருந்த படத்தைப் பார்த்தார், அத்தையின் முகத்தைப் பார்த்தார். செட்டியார் அந்தச் சர்டிபிகேட்டையும் வாசித்துச் சொன்னார். போலீஸ்காரருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கேட் திறந்தது. ஆனால் செட்டியார் திரும்பிப் போக நேரமில்லை. அன்று அத்தை வீட்டுக் கருவாட்டுக் குழம்பு வாடையைத் தாங்க மாட்டாமல், மோர் சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு மாரியம்மன் கோவிலில் படுத்துக்கொண்டார். காலையில் தோட்டத்து லாரியில் அவரும் சைக்கிளும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகத்தான் புறப்பட்டார்கள். செட்டியார் புலாவ் செபாங்கில் இறங்கிக்கொண்டார். வேலை கிடைத்தது.

அதற்காகச் செட்டியார் வட்டியில் ஒரு காசும் குறைக்கவில்லை, அத்தையும் கேட்கவில்லை. நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனது ஐம்பத்தெட்டில். மகனின் சம்பளக் கவரைப் பிரித்ததும் அத்தை, "மொதல்ல செட்டியாரு, அப்புறம் அரிசி" என்பார். ஐந்நூறு வாங்கி மொத்தம் எவ்வளவு கட்டினோம் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அறுபதில் கடன் தீர்ந்தது. செட்டியார் பத்திரத்தைக் கிழித்தபோது, தன் பெருவிரல் ரேகை இருந்த துண்டை மட்டும் அத்தை கேட்டு வாங்கிவந்தார்.

அந்த வங்கிப் பெண் இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டு, அசலை என் பக்கம் தள்ளினாள்.

"இது உங்ககிட்ட இருக்க வேணாமாம்மா?" என்று கேட்டேன்.

"வேணாம் ஆன்ட்டி, காப்பி போதும்லா. அசல் உங்களோடதுதானே."

வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டு வரும்வரை, எதையோ கொடுக்காமல் வந்துவிட்டது போலவே இருந்தது.